பனியில் நிற்கும் ஓக் மரங்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், ஆல்பெர்ட்டினம் அருங்காட்சியகத்தில், அகலம் ஒரு மீட்டரைக்கூட எட்டாத ஓர் ஓவியம் இருக்கிறது. பனி மூடிய மேடு ஒன்று. அதன்மீது, வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் தம் இறந்தோருக்காக எழுப்பிய கல்திட்டை. அதைச் சூழ்ந்து மூன்று ஓக் மரங்கள். இலையுதிர்ந்து, உச்சி முறிந்து, முறுக்கேறிய கிளைகளுடன் அவை மங்கிய வானத்தின் முன் நிற்கின்றன. மனிதர் யாருமில்லை. காஸ்பார் டாவிட் ஃப்ரீட்ரிஷ் 1807-ஆம் ஆண்டு வரைந்த இந்த ஓவியத்தின் பெயர் 'பனியில் கல்திட்டை'. அதுவரை பெரும்பாலும் செபியா மையில் வரைந்துவந்தவர் எண்ணெய் வண்ணத்துக்கு வந்த தொடக்க நாட்களின் படைப்பு இது.

இம்மரங்களைப் பார்க்கும்போது மனதில் எழும் முதல் கேள்வி மிக எளியது. இவை உயிரோடு இருக்கின்றனவா, இல்லையா? வசந்தம் வந்தால் இவை துளிர்க்குமா, அல்லது கல்திட்டையின் அடியில் கிடப்பவர்களைப் போலவே இவற்றின் கதையும் முடிந்துவிட்டதா? ஓவியத்தை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை கிடைப்பதில்லை. ஃப்ரீட்ரிஷின் குளிர்கால மரங்களைப் பற்றி நான் சொல்ல விரும்புவது எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கிறது.

பனிக்காலத்தை வரைந்த முதல் ஓவியர் அவரல்ல. 1565-இல் பீட்டர் புரூகல் வரைந்த 'பனியில் வேடர்கள்' ஓவியத்தின் முன்பகுதியிலும் இலையற்ற மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் அவற்றினூடே வேடர்களும் நாய்களும் நடக்கிறார்கள்; கீழே உறைந்த குளத்தில் ஊரே விளையாடிக்கொண்டிருக்கிறது. அடுத்த நூற்றாண்டின் டச்சு ஓவியரான ஹெண்ட்ரிக் ஆவர்காம்ப் பனிச்சறுக்கும் கூட்டங்களை வரைந்தே பெயர் பெற்றவர். அவர்களுக்குக் குளிர்காலம் என்பது மனிதர் வாழும் ஒரு பருவம். மரம் அதன் பின்னணி. ரொமாண்டிக் காலத்தில் இது தலைகீழாகிறது. மனிதர்கள் விலகிக்கொள்கிறார்கள், அல்லது விரல் நகமளவு சிறுத்துப்போகிறார்கள். மரம் முன்னால் வந்து நிற்கிறது. ஓர் ஓவியத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் மரம் இருந்தால், முகத்தைப் படிப்பதுபோல அதைப் படிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

அப்படிப் படித்தவர்கள் பலர். 'பனியில் கல்திட்டை' வரையப்படுவதற்கு முந்தைய ஆண்டு, 1806 அக்டோபரில், யேனா போர்க்களத்தில் பிரஷ்யா நெப்போலியனிடம் வீழ்ந்தது. அதே ஆண்டின் இறுதியில் டிரெஸ்டனைத் தலைநகராகக் கொண்ட சாக்ஸனி நெப்போலியனின் அணியில் சேர்ந்தது. ஃப்ரீட்ரிஷோ பிரெஞ்சு ஆதிக்கத்தை வெறுத்தவர். ஓக் ஜெர்மானியர்களின் மரம். கல்திட்டை அவர்களுடைய மூதாதையரின் இடம். எனவே உச்சி முறிந்தும் வீழாமல் நிற்கும் மரங்கள் தோற்றுப்போன தேசத்தைக் குறிப்பவை என்பது ஒரு வாசிப்பு.

வாழ்க்கை வரலாற்றின் வழியாக வருகிறவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். ஃப்ரீட்ரிஷ் 1774-இல் பால்டிக் கடலோரத்துக் கிரைஃப்ஸ்வால்ட் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் தயாரித்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்தார். பதின்மூன்று வயதில், 1787-இல், அவர் கண்முன்னே தம்பி பனி உடைந்து நீரில் மூழ்கி இறந்தான். அண்ணனைக் காப்பாற்ற முயன்றபோதுதான் அது நேர்ந்தது என்று குடும்பத்தில் சொல்லிவந்திருக்கிறார்கள். அத்தகைய ஒருவருக்குப் பனி வெறும் அழகாக இருந்திருக்காது என்பது உண்மை.

மூன்றாவது வாசிப்பு சமயம் சார்ந்தது. அதற்கான சாவியை ஓவியரே தந்தார். 1808-இல் அவர் வரைந்த 'மலையில் சிலுவை' கடும் விவாதத்தைக் கிளப்பியது. நிலக்காட்சி ஒன்று பலிபீடத்தில் ஏறுவதா என்று ராம்டோர் என்ற விமர்சகர் எதிர்த்து எழுதினார். அப்போது ஃப்ரீட்ரிஷ் அளித்த விளக்கத்தில், சிலுவையைச் சுற்றி நிற்கும் என்றும் பசுமையான ஃபர் மரங்களைக் கிறிஸ்துவின்மீது மனிதர் கொள்ளும் நம்பிக்கைக்கு ஒப்பிட்டார். 1973-இல் அவருடைய ஓவியங்களின் முழுமையான பட்டியலை வெளியிட்ட கலை வரலாற்றாசிரியர் ஹெல்முட் பெர்ஷ்-ஸூபான் இந்தத் திசையில் வெகுதூரம் சென்றார். ஃபர் கிறிஸ்தவ நம்பிக்கை, ஓக் கிறிஸ்தவத்துக்கு முந்தைய உலகம், பனி மரணம் என ஏறத்தாழ ஓர் அகராதியே உருவாகிவிட்டது.

இந்த அகராதி பல இடங்களில் அழகாகவே பொருந்துகிறது. 1811-ஐ ஒட்டி வரையப்பட்ட இரண்டு சிறிய ஓவியங்கள் ஓர் இணையாகக் கருதப்படுகின்றன. ஷ்வெரின் நகரில் உள்ள முதல் ஓவியத்தில், வெட்டப்பட்ட அடிமரங்கள் சிதறிக்கிடக்கும் பனிவெளியில், பட்டுப்போன இரண்டு ஓக் மரங்களுக்கிடையே ஊன்றுகோலுடன் ஒரு மனிதன் கூனி நிற்கிறான். லண்டன் தேசியக் காட்சிக்கூடம் 1987-இல் வாங்கிய இரண்டாவது ஓவியத்தில் ஊன்றுகோல்கள் பனியில் கிடக்கின்றன. அவன் ஃபர் மரங்களுக்கு நடுவே சிலுவையின் முன் பாறையில் சாய்ந்து பிரார்த்திக்கிறான். தொலைவில் மூடுபனியிலிருந்து ஒரு கோதிக் தேவாலயம் எழுகிறது. அதன் கோபுரங்களும் ஃபர் மரங்களும் ஒரே வடிவம் கொண்டவை. பட்ட ஓக்கிலிருந்து பசுமையான ஃபருக்கு, நிராசையிலிருந்து நம்பிக்கைக்கு. இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் மூன்றே ஆண்டுகள் கழித்து, 1814-இல், அதே ஃபர் மரங்கள் இன்னோர் ஓவியத்தில் வருகின்றன. தனித்துவிடப்பட்ட ஒரு பிரெஞ்சுப் படைவீரன் நமக்கு முதுகைக் காட்டியபடி பனிபடர்ந்த ஃபர் காட்டின் முன் நிற்கிறான். முன்னால் அடிமரத்தின்மீது ஒரு காகம். அவன் அந்தக் காட்டுக்குள் போனால் திரும்பப்போவதில்லை. அங்கே ஃபர் மரம் யாருடைய நம்பிக்கை? நிச்சயமாக அவனுடையதல்ல. அகராதி இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. ஒரே மரம் ஒருவனுக்கு அடைக்கலமாகவும் இன்னொருவனுக்கு முடிவாகவும் இருக்கிறது. யார் அதன்முன் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது.

இதைப் புத்தகங்களின் வழியாக மட்டும் நான் உணரவில்லை. 2010-இன் இறுதியிலிருந்து இரண்டு குளிர்காலங்கள் வேலை நிமித்தமாக டிரெஸ்டனில் இருந்தேன். அந்த டிசம்பரில் ஜெர்மனி எங்கும் கடும் பனி. நகரின் பெரிய பூங்காவான குரோஸர் கார்ட்டனின் வழியாக நடக்கும்போதெல்லாம், இருபுறமும் நிற்கும் மரங்களில் எது உயிருள்ளது, எது பட்டது என்று பார்த்துச் சொல்ல என்னால் இயலவில்லை. பட்ட மரம் என்றால் நம் ஊரில் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். சுற்றிலும் மற்றவை பச்சையாக இருக்கும். அங்கே எல்லா மரங்களும் ஒரே கோலத்தில் இருந்தன.

நான் தங்கியிருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வசித்த மூதாட்டி ஒருநாள் முற்றத்து மரத்தின் சிறு கிளையை நகத்தால் லேசாகக் கீறிக் காட்டினார். கரும்பழுப்புத் தோலுக்கு அடியில் ஈரமான பச்சை. பிறகு அதன் நுனியைக் காட்டினார். அரிசி மணியளவில், செதில்கள் இறுக மூடிய மொட்டு. அது வசந்தத்தில் வருவதல்ல, போன கோடையிலேயே வந்துவிட்டது என்றார். பின்னர் தாவரவியல் நூல்களில் தேடிப் படித்தேன். குளிர்நாட்டு மரங்கள் அடுத்த ஆண்டின் துளிரை முந்தைய கோடையிலேயே உருவாக்கி மூடி வைத்துவிடுகின்றன. போதிய நாட்கள் குளிரில் கிடந்தால்தான் அவற்றில் பெரும்பாலானவற்றின் மொட்டுகள் உறக்கத்திலிருந்து சரியாக விடுபடுகின்றன. குளிர்காலம் அவற்றின் வாழ்வில் ஓர் இடைவெளியல்ல, மலர்வதற்கான நிபந்தனை.

இலை உதிர்வதற்கான காரணங்களில் ஒன்று நீர். மண் உறைந்துவிட்டால் வேர் நீரை எடுக்க முடியாது; இலைகள் இருந்தால் இருக்கும் நீரும் ஆவியாகிவிடும். நம் வறண்ட காடுகளில் மாசி பங்குனியில் மரங்கள் மொட்டையாவதும் நீரைக் காக்கத்தான். இலையற்ற மரம் என்றதும் தமிழ் மனதில் எழுவது வெயில். பாலையின் வெம்மையும் பிரிவும். ஃப்ரீட்ரிஷின் நாட்டில் எழுவது பனி. இரண்டு கோலங்களுக்கும் அடியில் இருக்கும் செயல் ஒன்றுதான் என்று அறிந்தபோது அந்த ஓவியங்கள் எனக்குச் சற்று நெருங்கி வந்தன. கைவிடக்கூடியதைக் கைவிட்டு, உள்ளே இருப்பதைக் காத்துக்கொள்ளுதல்.

அந்த முதல் குளிர்காலத்தில்தான் ஊரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் பிழைத்தார். வலது பக்கம் செயலிழந்தது. பேச்சு முற்றிலும் போய்விட்டது. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் பேசியே வாழ்ந்தவர் அவர். பத்து நாள் விடுப்பில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் அழைப்பேன். அம்மா பேசி முடித்தபின், "இருடா, அப்பா காதுல வைக்கிறேன்" என்பாள். நான் பேசுவேன். வேலை, சமையல், பனி, அந்த வாரம் பார்த்த ஓவியம். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். சிறிது நேரம் கழித்து, "கேட்டுண்டுதான் இருக்கார்" என்பாள் அம்மா. கேட்கிறாரா, புரிகிறதா, நான் யாரென்று தெரிகிறதா? மருத்துவர்கள் சொன்னவை ஒன்றுக்கொன்று முரண்பட்டன. சில ஞாயிறுகளில் அழைத்து முடித்தபின் ஆல்பெர்ட்டினத்துக்குப் போய், கல்திட்டையைச் சூழ்ந்த அந்த மூன்று மரங்களின் முன் நின்றிருக்கிறேன். ஆறுதல் தேடி என்று சொல்வதற்கில்லை. என்னிடம் இருந்த அதே கேள்வியை எனக்கு முன்பே யாரோ இருநூறு ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் போதுமானதாக இருந்தது.

2011 ஜனவரியில் பெர்லினின் பழைய தேசியக் காட்சிக்கூடத்தில் 'ஓக் காட்டில் மடாலயம்' ஓவியத்தைப் பார்த்தேன். ஃப்ரீட்ரிஷின் குளிர்கால மரங்களில் மிகப் புகழ்பெற்றவை அதில்தான் உள்ளன. 1810-இல் பெர்லின் அகாதமியின் கண்காட்சியில் 'கடலருகே துறவி'யுடன் வைக்கப்பட்ட இதை, பட்டத்து இளவரசரின் விருப்பத்துக்கிணங்கப் பிரஷ்ய மன்னர் வாங்கினார். இடிந்த மடாலயத்தின் ஒற்றைச் சுவர், கிரைஃப்ஸ்வால்ட் அருகேயுள்ள எல்டேனா மடாலயத்தினுடையது. துறவிகள் ஒரு சவப்பெட்டியைச் சுமந்து, திறந்த குழியைக் கடந்து அந்த வாயிலை நோக்கிச் செல்கிறார்கள். எல்டேனாவில் துறவிகள் இல்லாமல்போய் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட காலம் அது. இடிந்துவிட்ட கோயிலுக்கு, இல்லாத துறவிகள், யாரையோ எடுத்துச் செல்கிறார்கள். இருபுறமும் ஓக் மரங்கள் கைகளை உயர்த்தியபடி நிற்கின்றன.

ஓவியத்தின் கீழ்ப்பாதி இருண்டிருக்கிறது, மேற்பாதியில் ஒளி. துறவிகள் அனைவரும் இருளில்தான் இருக்கிறார்கள். ஒளிக்குள் எட்டியிருப்பவை இரண்டே: சுவரின் உச்சியும் மரங்களின் கிளைகளும். நான் பார்த்தபோது பழைய வார்னிஷ் மஞ்சளித்து ஓவியம் முழுவதும் மங்கியிருந்தது. மூன்றாண்டுச் சீரமைப்புக்குப் பின் 2016-இல் மீண்டும் காட்சிக்கு வந்தபோது எடுத்த படங்களில் வானம் துலங்கியிருக்கிறது. மெல்லிய சுள்ளிகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. அந்தச் சுள்ளிகளில்தான் இந்த ஓவியரின் மனம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏனெனில் இம்மரங்கள் கற்பனையில் பிறந்தவையல்ல. ஃப்ரீட்ரிஷ் காடுகளிலும் வெளிகளிலும் அலைந்து தனித்தனி மரங்களைப் பென்சிலால் வரைந்து, நாள் குறித்துவைத்துக்கொள்வார். பல ஆண்டுகள் கழித்து அந்த ஏட்டைத் திறந்து, அதே மரத்தை அதே முறிவுகளோடு ஓவியத்துக்குள் நடுவார். காட்சியைப் பல இடங்களிலிருந்து எடுத்துக் கோத்தாலும் மரத்தை மாற்றமாட்டார். இலைகள் இருக்கும்வரை ஓக் மரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல் தோன்றும். இலை போனபின்தான் ஒவ்வொன்றும் தன் வரலாற்றைக் காட்டுகிறது: இந்தக் கிளை புயலில் போனது, இந்த வளைவு வெளிச்சம் தேடியது, இந்த முண்டு காயம் ஆறிய இடம். குறியீடு என்றால் ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை வைப்பது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஃப்ரீட்ரிஷ் எந்த மரத்தையும் வேறொன்றுக்குப் பதிலாக வைப்பதில்லை. அந்த மரத்துக்கு முழு விசுவாசமாக இருக்கிறார். பொருள் அங்கிருந்து தானாக, சத்தமின்றி வருகிறது.

1828-இல் வரைந்த ஒரு சிறிய இணை ஓவியங்களில் இது இன்னும் தெளிவாகிறது. டிரெஸ்டனில் இருக்கும் ஒன்று பனியில் நிற்கும் இலையற்ற புதர்மரங்கள். மியூனிக்கில் இருக்கும் மற்றது பனியில் நிற்கும் ஃபர் மரங்கள். கல்லறை இல்லை, சிலுவை இல்லை, இடிபாடு இல்லை. டிரெஸ்டன் ஓவியத்தில் பின்னிப் பிணைந்த சுள்ளிகளைத் தவிரப் பார்ப்பதற்கு ஏதுமில்லை. ஜோசப் லியோ கோர்னர் 1990-இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலை இந்த ஓவியத்தின் முன் நிற்கும் அனுபவத்திலிருந்தே தொடங்குகிறார். பொருள் சொல்ல வேண்டும் என்ற உந்துதலும் சொல்ல முடியாமையும் இந்தப் புதரின் முன் ஒருங்கே வருகின்றன. கூடவே இருந்த துணைகளையெல்லாம் களைந்துவிட்டு மரத்தை மட்டும் பனியில் நிறுத்தியபோதுதான் ஃப்ரீட்ரிஷின் மௌனம் முழுமை பெற்றது என்பேன்.

இந்த மௌனத்தைச் சரியாகக் கேட்டவர்களில் ஒருவர் ஓர் எழுத்தாளர். 1937-இல் ஜெர்மனியில் பயணம் செய்த சாமுவேல் பெக்கட் டிரெஸ்டனில் ஃப்ரீட்ரிஷின் 'நிலவைப் பார்க்கும் இருவர்' ஓவியத்தைப் பார்த்தார். வேர் பாதி பெயர்ந்து சாய்ந்த மரத்தின் அருகே இரண்டு மனிதர்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 1953-இல் மேடையேறிய 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்துக்கு மூலம் ஃப்ரீட்ரிஷின் நிலவுக் காட்சிதான் என்று பிற்காலத்தில் பெக்கட்டே சொல்லியிருக்கிறார். அந்நாடகத்தின் மேடையில் இருப்பதும் ஓர் இலையற்ற மரம். காத்திருக்கும் இருவரும் அது செத்துவிட்டதா என்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டாம் அங்கத்தில் அதில் நான்கைந்து இலைகள். எதுவும் மாறவில்லை, கோடோ வரவில்லை, ஆனாலும் இலைகள். அதை நம்பிக்கை என்பதா, கேலி என்பதா என்று இன்றும் விவாதிக்கிறார்கள்.

ஃப்ரீட்ரிஷின் இறுதி ஆண்டுகள் கடுமையானவை. காலம் அவரைவிட்டு நகர்ந்துபோயிருந்தது. 1835-இல் பக்கவாதம் தாக்கியது. எண்ணெய் வண்ணத்தில் தொடர முடியாமல், தொடங்கிய இடமான செபியாவுக்கே பெரும்பாலும் திரும்பினார். 1840-இல் இறந்தபோது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். 1906-இல் பெர்லினில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிதான் அவரைப் பரவலாக மீட்டெடுத்தது. பிறகு நாஜிகள் அவரைத் தமக்குரியவராக்கிக்கொள்ள முயன்றார்கள். அவருடைய குளிர்கால ஓவியங்களில் ஒன்று 1931-இல் மியூனிக் கண்ணாடி மாளிகைத் தீயிலும், 'பனியில் மடாலய இடுகாடு' 1945-இல் பெர்லினிலும் அழிந்தன. பின்னது கறுப்பு வெள்ளைப் புகைப்படமாக மட்டும் எஞ்சியிருக்கிறது. 2024-இல் அவருடைய 250-ஆவது பிறந்த ஆண்டை ஹாம்பர்க், பெர்லின், டிரெஸ்டன் நகரங்கள் பெரும் கண்காட்சிகளுடன் கொண்டாடின.

அப்பா பத்தொன்பது மாதங்கள் இருந்தார். பேச்சு திரும்பவே இல்லை. நான் ஊர் திரும்பியபின் அவருடைய கடைசி மாதங்களில் உடனிருந்தேன். இடது கை மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. செய்தித்தாளைக் கொடுத்தால் விரித்துப் பிடித்துக்கொள்ளும். யாராவது அழுதால் அவர்களுடைய மணிக்கட்டைப் பற்றிக்கொள்ளும். உள்ளே எவ்வளவு இருந்தது என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதங்களில், இருக்கிறாரா இல்லையா என்று கேட்பதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு மனிதரில் இரண்டும் ஒருசேர இருக்க முடியும் என்று அந்தக் கை சொல்லியது.

ஃப்ரீட்ரிஷின் மரங்களில் எனக்கு மிக விருப்பமானதாக இப்போது ஆகியிருப்பது குளிர்கால ஓவியமே அல்ல. 1822-இல் பெர்லின் வணிகரான வாகனர் கேட்டுக்கொண்டதற்கிணங்க வரைந்த 'தனிமரம்' அது. விரிந்த பச்சைப் புல்வெளியின் நடுவே ஓர் ஓக். அதன் உச்சி பட்டுப்போயிருக்கிறது. இலையற்று, முறிந்து, 'பனியில் கல்திட்டை'யின் மரங்களைப் போலவே வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழ்க்கிளைகளிலோ அடர்ந்த இலைகள். கற்பனையான விசித்திரமல்ல இது. முதிர்ந்த ஓக் மரங்கள் தம் உச்சியை இழந்தபின், சிறுத்த கிரீடத்துடன் இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்வதுண்டு. குளிர்காலம் அந்த மரத்தின் உச்சியில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. கீழே கோடை நடக்கிறது. அடிமரத்தில் சாய்ந்து ஓர் இடையன் நிற்கிறான். சுற்றிலும் ஆடுகள் மேய்கின்றன. அவன் மேலே பார்ப்பதில்லை. நிழல் இருக்கிறது, நிற்கிறான்.